கொழும்புக்கு வரும் மாரிகாலப் பறவைகள்

(மன்றத்துக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



"கொழும்பிலே காகத்தை விட்டால் வேறென்ன பறவை இருக்கிறது?" என்று பெரியவர் ஒருவர் எங்களைக் கேட்டார். காகமும் பறவைதான். ஆயினும் ஐப்பசி பிறந்ததும் இமயத்திலிருந்தும் திபெத்திலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் இந்நகருக்கு விருந்தினர் வந்து இறங்குகின்றனர். நம் தீவின் தென்கோடியாகிய தெய்வேந்திரமுனையில் நின்று நேரே தெற்கு நோக்கினால் தென்துருவக் கண்டம் வரையில் நிலமே கிடையாது. ஆகவே வடக்கேயிருந்து வரும் பறவைகளுட் பலவற்றுக்கு இதுவே கடைசித் தரிப்பிடம்.

இவர்களுள் எங்கள் மனத்தைக் கவர்ந்தது ஆறுமணிக்குருவி. முதுகு பச்சை, சிறகில் நீலம், வயிற்றடி சிவப்பு, கண்ணை ஊடறுத்து ஒரு கறுப்புக் கோடு. வாலோ இல்லையென்றே சொல்லலாம். இந்தியில் இதற்கு 'நவரங்' என்று பெயர். விடியலிலும் அந்தியிலும் சீழ்க்கையடிப்பதால் நம்மவர் ஆறுமணியென்றனர். இதன் ஆடையை மயில் திருடிக்கொண்டதாகவும், அதைச் சொல்லியே இது அழுவதாகவும் சிங்களக் கிராமங்களில் ஒரு கதை உண்டு. முருகப்பெருமானின் வாகனத்துக்கா இந்தப் பழி என்று பெரியோர் மனம் நோக வேண்டாம், கதை நமதன்று.

இக்குருவி இரவிலே பறந்து களைத்து வருவது. விளக்கு வெளிச்சம் கண்டு மயங்கி வீட்டுக்குள்ளே புகும். கண்ணாடியில் மோதி விழும். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்குமிடையே எழுந்துவிட்ட மாடிவீடுகளின் கண்ணாடி இதற்குப் பெரும் எமன். விழுந்து கிடப்பதைக் கண்டால் வாயைப் பிளந்து தண்ணீர் வார்க்காதீர்கள். காற்றுப்புகத் துளையிட்ட காகிதப் பெட்டியில் வைத்து, இருட்டான, சந்தடியற்ற மூலையில் விடுங்கள். தெளிந்ததும் மரஞ்செடியுள்ள இடத்தில் திறந்துவிட்டால் பெரும்பாலும் போய்விடும். பூனையை மட்டும் கட்டிவைப்பது நன்று.

கொட்டாஞ்சேனை நண்பர்கள் மட்டக்குளிப் பக்கம் களனி கடலோடு கலக்குமிடத்துக்கு, காக்கைத்தீவுக் கரைக்குப் போகலாம். மாரிகாலத்தில் அங்கே கடற்காகங்களைத் தேடிப் பாருங்கள். பழுப்புத்தலைக் கடற்காகம் என்று பெயர். ஆனால் இங்கிருக்கும் காலத்தில் தலை வெள்ளை, கன்னத்தில் ஒரு கரும்பொட்டு மட்டுமே. பங்குனியில் புறப்படும் தறுவாயிலேதான் பழுப்பு ஏறும். திபெத்திலும் லடாக்கிலும் உள்ள ஏரிகளில் முட்டையிடுவது இது. 2021இல் மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவி பூட்டி அனுப்பிய மற்றொரு வகைக் கடற்காகம் ருஷ்யாவின் வடகோடியிலுள்ள யமால் குடாநாடுவரை சென்றதென்றால் நம்புவீர்களா?

கடவுச்சீட்டில்லாத இந்தப் பயணத்தை நம் முன்னோர் அறியாதவரல்லர். மதுரையில் குளிரால் நடுங்கிய சத்திமுற்றப் புலவர் மனைவிக்குத் தூதுவிட்டது நாரையைத்தான். குமரிவரை வந்த பறவை வடக்கே திரும்புமென்று தெரிந்திராவிட்டால் அந்தத் தூது எப்படி? நாங்களோ பாடசாலையில் ஆங்கிலப் பெயர்களையே படித்தோம். லெக் 1880இல் எழுதிய பெருநூலும், ஹென்றி 1955இல் வெளியிட்ட கைநூலும் ஆங்கிலமே. தமிழ்ப் பெயர்களை அப்பாச்சிமாரிடமே கேட்டறிந்தோம். பெரியோர்களே, உங்களுக்குத் தெரிந்த பெயர்களை எங்களுக்குச் சொல்லித்தாருங்கள். உங்களோடு அவை போய்விடக்கூடாது.

அரிய பறவையொன்று வந்ததென்று கேட்டதும் பெரிய கமெராவோடு ஓடுவோர் இன்று பலர். அதில் பிழையில்லை. ஆனால் பறவை இறங்கும் சதுப்பு நிலத்தைக் குப்பையும் மண்ணும் கொட்டி நிரப்பும்போது அவர்களுட் பலரைக் காணோம். பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலம் 1990இல் சரணாலயமாக்கப்பட்டது. 2018இல் உலகின் முதல் 18 ஈரநில நகரங்களுள் ஒன்றாகக் கொழும்பு அங்கீகாரம் பெற்றது. பட்டம் பெரிதுதான், நிலந்தான் சுருங்குகிறது. 2010இல் பாராளுமன்றத்தைச் சூழ வெள்ளம் நின்றதை மறந்துவிட்டோமா? உள்ளானுக்குச் சேறாகத் தோன்றும் அதே நிலம், மழைநீரைத் தாங்கி நம் வீட்டு வாசலையும் காக்கிறது.

ஆசிய நாடுகளில் 1987 முதல் ஆண்டுதோறும் தை மாதமளவில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். வரும் தையில் நம் மன்றத்தினரும் அத்திடியவில் எண்ணிப் பார்க்கலாமென்று எண்ணியுள்ளோம். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் சொல்லுங்கள். காலை ஐந்தரைக்கு வெள்ளவத்தை வாய்க்கால் பாலத்தடியில் கூடுவோம். வெள்ளைச் சட்டை வேண்டாம், பறவை மிரளும்; நல்ல சப்பாத்தும் வேண்டாம், சேறு.