பிளாஸ்டிக் கீறலும் நம்ம ஊர் மணலும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிலில் 12 வருஷமாகக் கிடக்கிறேன். லீவில் ஊருக்கு வந்தால் சொந்தக்காரர்கள் என் முன்னால் நீட்டுவது இரண்டே பொருள். கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடி, மஞ்சளித்துப்போன கார் ஹெட்லைட். "இத ஒண்ணு தெளிய வச்சுத் தாயேன்டே!"

கண்ணாடி என்று சொன்னாலும் இரண்டும் பெரும்பாலும் பாலிகார்பனேட். 1953-ல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஹெர்மன் ஷ்னெல் கண்டுபிடித்தது. சுத்தியலால் அடித்தாலும் லேசில் உடையாது. ஆனால் சட்டென்று கீறல் விழும். அதனால்தான் மேலே மெல்லிசாக ஒரு கடினப் பூச்சு கொடுக்கிறார்கள்.

இனி நம்ம ஊர் மணலுக்கு வருகிறேன். மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், சிர்கான் மட்டுமல்ல, கார்னெட்டும் இருக்கிறது. உப்புத்தாள் செய்யப் பயன்படுகிற கல் அது. மோஸ் அளவில் கடினம் 7 கிட்ட வரும். ஜன்னல் கண்ணாடிக்கே ஐந்தரைதான். ஆடிக் காற்றில் கடற்கரை ரோடு வழியாகக் குளச்சல் போய்வந்து, தோளில் கிடக்கிற துவர்த்தை எடுத்து ஹெல்மெட் கண்ணாடியில் ஒரு இழு இழுக்கிறோம். அந்த நேரத்தில் துவர்த்தே உப்புத்தாள்தான், கேட்டியளா!

முதலில் தண்ணீர் ஊற்றுங்கள். உப்பும் மணலும் ஓடட்டும். பிறகு இரண்டு சொட்டு ஷாம்பு கலந்த தண்ணீரில், விரல் நுனியால் தடவினால் போதும். துணி கடைசியில். பெட்ரோல், தின்னர் கிட்டே கொண்டுபோகாதீர்கள். மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விடும்.

கீறலை யாராலும் "எடுக்க" முடியாது. பள்ளத்தை நிரப்ப மண் இல்லாதவன் வயல் முழுவதையும் பள்ளத்தின் மட்டத்துக்கு வெட்டி இறக்குகிற மாதிரிதான் பாலிஷ். பற்பசையால் தேய்த்தாலும் இதே கதை. கீறல் மங்கும், பூச்சும் சேர்ந்து போகும்.

ஹெட்லைட்டில் தெரியும் மஞ்சள் அழுக்கு அல்ல. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு மேல்தோல் சிதைந்திருக்கிறது. தண்ணீரில் நனைத்த உப்புத்தாள் 800, 1500, 2000, 3000 என்று படிப்படியாகப் போய், கடைசியில் பாலிஷ் பேஸ்ட். பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் அதன்மேல் புற ஊதாவைத் தடுக்கும் புதுப் பூச்சு அடிக்காவிட்டால் சில மாதத்திலேயே பழைய மஞ்சள் திரும்பும். கடைக்காரரிடம் அதைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்; கேட்காவிட்டால் பலர் செய்வதில்லை.

ஹெல்மெட் கண்ணாடி விஷயம் வேறு. தேய்த்த இடம் மேடுபள்ளமாகிப் பார்வை நெளியும். தேய்க்காமல் விட்டாலோ, எதிரே வரும் வெளிச்சம் ஒவ்வொரு கீறலிலும் சிதறி, ரோட்டில் நடக்கிற ஆளை மறைத்துவிடும். என் சித்தப்பா மகன் விடியற்காலை 3 மணிக்கு, பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போகிறவன். எதிரே வருவதெல்லாம் லாரி. "சும்மா தேச்சுத் தாண்ணே, புதுசு எதுக்கு?" என்றான். நான் தேய்த்துக் கொடுக்கவில்லை. சில நூறு ரூபாய்க்குப் புதுசு வாங்கி மாட்டிவிட்டேன்.

பழையதை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் போகும் முன் ஒவ்வொருத்தராக வந்து, அந்த ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.