கத்தரியும் காகிதமும்



லக்ஷ்மிபாய் நகரில் டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இருக்கிறது. அத்தகைய பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் நம் இல்லங்களில் பழைய கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டி, நூல்துண்டு, செய்தித்தாள் ஆகியவை நாள்தோறும் சேர்கின்றன. நாம் இவற்றைக் குப்பை என்கிறோம். கலைஞன் என்ன சொல்வான் என்பதைச் சிறிது சிந்திப்போம்.

சாந்திநிகேதனத்தில் ஓவியம் கற்பித்த வினோத்பிஹாரி முகர்ஜி பிறவியிலேயே பார்வை குறைந்தவர். பிற்காலத்தில், கண் அறுவை சிகிச்சைக்குப் பின், எஞ்சியிருந்த பார்வையும் மறைந்தது. ஓவியனுக்கு இதனினும் பெரிய இழப்பு உண்டோ? ஆயினும் அவர் ஓய்ந்துவிடவில்லை. வர்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டிச் சித்திரங்கள் ஆக்கினார். தூரிகையால் இட்ட கோடு விரலுக்குப் புலப்படாது. வெட்டிய காகிதத்தின் ஓரமோ விரலுக்கு நன்கு தெரியும். எளிய பொருள் என்று நாம் ஒதுக்குவது, வேறு வழி அடைபட்டவருக்கு வாயிலாயிற்று. அவருடைய மாணவர் சத்யஜித் ராய் 1972இல் அவரைப் பற்றி எடுத்த படத்திற்கு ‘அகக்கண்’ என்று பொருள்படும் பெயரையே சூட்டினார்.

மற்றொரு மாணவர் கே. ஜி. சுப்ரமணியன். 1924இல் கேரளத்துக் கூத்துப்பறம்பில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்றவர். பரோடாவில் கலை ஆசிரியராக இருந்தபோது, அங்கு நடைபெற்ற கலைச் சந்தைக்காக மரத்துண்டு, மணி, தோல் முதலியவற்றை இணைத்து விளையாட்டுப் பொம்மைகள் செய்தார். பெரிய ஓவியர் பொம்மை செய்வதா என்று அவர் தயங்கவில்லை.

மரப்பாச்சிக்கு ஜிகினாக் காகிதத்தால் ஆடை உடுத்திக் கொலுவில் நிறுத்தும் நமக்கு இக்கலை அந்நியமன்று. ஆனால் நாம் வழக்கப்படி செய்கிறோம். அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். வேற்றுமை அவ்வளவே.

வருகிற விடுமுறை நாளில் நாமும் சோதிப்போம். பென்சிலால் முன்கூட்டி வரையாமல், பழைய காகிதத்தை நேரே கத்தரிப்போம். துண்டுகளை உடனே ஒட்டாமல், அட்டைமேல் இடம் மாற்றி மாற்றி வைப்போம். இரண்டு துண்டுகளுக்கு நடுவேயுள்ள வெற்றிடமும் ஓர் உருவம் என்பது அப்போது விளங்கும். மனத்துக்கு இசைந்தபின் மைதாப் பசையால் ஒட்டுவோம். பிறகு ஒருமுறை கண்களை மூடிக்கொண்டு, அதன் ஓரங்களை விரலால் தடவிப் பார்ப்போம். கைக்கும் பார்வை உண்டு என்பதைக் குழந்தைகள் நமக்கு முன்னரே கண்டுகொள்வார்கள்.