கோவில் கட்ட வரும் வெளிநாட்டார்

(ஆம்பூர்ப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேசப் போகும் விஷயம் சிலருக்குப் புதிதாய் இருக்கலாம். அமெரிக்கா முதலிய பணக்கார நாடுகளிலிருந்து வாலிபர்களும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கனவான்களும் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து, சொந்தச் செலவில் ஆகாய விமானமேறி, ஏழைகள் வசிக்கும் ஊராகப் பார்த்து இறங்கி, இரண்டு வாரம் செங்கல் சுமந்து, சுவர் எழுப்பி, மாதாகோவில் கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். இதற்கென்றே சங்கங்கள் இருக்கின்றன. 1969-ல் அமெரிக்காவில் தோன்றிய மரநாதா என்னும் சங்கம் தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் நம் இந்தியாவிலும் கட்டி வருகின்றது. ஒரே நாளில் எஃகுச் சட்டத்தை நிறுத்திக் கூரை போட்டுவிடும் 'ஒரு நாள் கோவில்' என்ற ஒரு தினுசையும் அவர்கள் ஏற்படுத்தியிருக்கின்றார்கள்.

இப்படி வருகிறவர்களை நாம் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. தன் வீட்டில் சுகமாயிருக்க வேண்டிய ஒருவன் வேலூர் வெயிலில் வந்து கல் தூக்குகிறான் என்றால், அவனுக்கு ஏதோ நல்லெண்ணம் இருக்கத்தான் வேண்டும். பறையன், சக்கிலி என்று நம்மவர்கள் எட்டி நிறுத்திய தெருவுக்குள் நுழைந்து, அங்கே தண்ணீர் வாங்கிக் குடிக்கிறான் என்பதே நம் ஊர் பக்திமான்கள் செய்யாத காரியம். ஆகையால் மரியாதை செய்ய வேண்டியதைச் செய்துவிட்டே கேட்கின்றோம்: நம் ஜில்லாவில் கொத்தனாருக்குப் பஞ்சமா?

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் விடியற்காலையில் கடைத்தெரு மூலையில் போய் நின்று பாருங்கள். கரணையும் ரசமட்டமும் பையில் வைத்துக்கொண்டு, மேஸ்திரி கூப்பிடமாட்டாரா என்று எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்! எத்தனை சித்தாள் பெண்கள் சோற்றுத் தூக்கோடு வந்து நின்று, ஒன்பது மணிக்கு மேல் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்கள்! கை நம்மிடம் இருக்கின்றது, தொழிலும் தெரியும். கூலிதான் இல்லை. கூலி இல்லாத ஊருக்குக் கூலி வாங்காத ஆளை அனுப்புவது என்ன தர்மமென்று எமக்கு விளங்கவில்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். பன்னிரண்டு பேர் வருகிறார்கள், போகவர ஆளுக்கு ஒரு லக்ஷ ரூபாய் ஆகின்றது என்று வைத்துக் கொள்ளுங்கள். விமானக் கம்பெனிக்கு மட்டும் 12 லக்ஷம் போயிற்று. நம் கொத்தனாருக்கு நாள் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் வீதம் கொடுத்தால், அது 1,200 நாள் கூலியாகும். பன்னிரண்டு பேரும் இரண்டு வாரம் ஓய்வில்லாமல் உழைத்தாலும் 168 நாள் வேலைதான். அதுவும் கரணை பிடித்துப் பழகாத கை! சுவர் கோணினால் அவர்கள் தூங்கிய பிறகு இடித்துக் கட்டுகிறவனும் நம் கொத்தனாராகத்தான் இருப்பான்.

இது சுயமரியாதைக்காரனின் குதர்க்கம் என்று சிலர் சொல்லக்கூடும். மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் என்று ஒரு தேசம். 1998-ல் மிட்ச் என்ற பெரும்புயல் அடித்து அங்கே லக்ஷக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள். வட அமெரிக்கக் கிறிஸ்தவக் குழுக்கள் போய் வீடு கட்டிக் கொடுத்தன. கர்ட் வெர் பீக் என்ற ஆசிரியர் பின்னால் அதை விசாரித்தார். உள்ளூர் ஸ்தாபனம் கட்டினால் ஒரு வீட்டுக்குச் சுமார் 2,000 டாலர். வெளிநாட்டுக் குழு ஒன்று வந்து போகும் செலவோ சுமார் 30,000 டாலர். யாருக்காகக் கட்டினார்களோ அந்த ஏழைகளைக் கேட்டபோது, அந்தப் பணத்தை அனுப்பியிருந்தால் இன்னும் பல வீடு எழும்பியிருக்குமே என்றார்கள். இந்த வெர் பீக் நம்மைப்போல் நாஸ்திகரல்ல. கிறிஸ்தவக் கல்லூரியொன்றில் பாடம் சொன்னவர். உண்மையைச் சொல்ல நாஸ்திகனாக இருந்தாக வேண்டுமென்ற கட்டாயமில்லை!

அப்படியானால் ஏன் வருகிறார்கள்? கட்டுகிறவனுக்கும் ஒரு லாபம் இருக்கின்றது. கடவுளுக்குக் கை வேலை செய்தோமென்ற திருப்தி, படம் பிடித்து ஊரில் காட்டும் பெருமை, 'ஏழைகள் எவ்வளவு சந்தோஷமாயிருக்கிறார்கள்' என்று சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளுதல். நம்மூரில் கும்பாபிஷேகத்திற்கு ஒரு செங்கல் தானம் செய்தால் ஏழு தலைமுறைக்குப் புண்ணியம் என்று வசூலிக்கிறானே, அதற்கும் இதற்கும் சாந்தில்தான் வித்தியாசம். கோபுரமானாலும், மணிக்கூண்டானாலும், பள்ளிவாசல் மினாராவானாலும் நாம் கேட்கும் கேள்வி ஒன்றே: அடுத்த தெருவில் சாக்கடை இருக்கிறதா?

வெளிநாட்டார் வந்ததால் இந்தப் பக்கத்துக்கு நன்மையே ஏற்படவில்லையா என்றால், ஏற்பட்டது. அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பாதிரிமார் குடும்பத்தில் 1870-ல் நம் ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார். ஆண் வைத்தியர் தொடக்கூடாதென்ற வைதீகத்தால் பிரசவத்தில் பெண்கள் சாவதைக் கண்டு, அமெரிக்கா போய் வைத்தியம் படித்து, 1900-ல் வேலூருக்குத் திரும்பினார். 1902-ல் 40 படுக்கையுள்ள ஆஸ்பத்திரி வந்தது. கட்டடத்தோடு நின்றிருந்தால், அவர் காலத்தோடு அதுவும் போயிருக்கும். 1909-ல் நர்ஸ் பள்ளிக்கூடமும், 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளிக்கூடமும் வைத்தாரே, அதுதான் காரியம். நம் பெண்ணின் கையில் கத்தியையும் மருந்தையும் கொடுத்து, 'நீ செய், நான் பார்க்கிறேன்' என்றார். மதப் பிரசாரம் அதில் கலந்திருந்ததென்பது வாஸ்தவமே. ஆனாலும் படித்த படிப்பை யாரும் திருப்பி எடுத்துக்கொண்டு போக முடியாதல்லவா?

இன்னொருவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர். இவர் கதைதான் இன்றைய விஷயத்துக்கு மிகவும் பொருத்தம். தகப்பனாரைப் போல மிஷனில் கட்டட வேலை செய்யலாமென்று லண்டனில் கொத்துவேலையும் தச்சுவேலையும் முறையாகப் பழகினார். பிறகு வைத்தியம் படித்து 1946-ல் வேலூருக்கு வந்தார். வந்தவர் குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களைப் பார்த்தார். அந்தக் கைகளைக் கடவுளின் சாபமென்று எல்லா மதத்தாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நரம்பு செத்து உணர்ச்சி போவதால்தான் புண்ணாகிக் கை அழிகிறதென்று அவர் காட்டினார். நல்ல தசைநாரை இடம் மாற்றி வைத்துத் தைத்து, விரல்களை மறுபடி நிமிரவும் பிடிக்கவும் செய்தார். கை வந்தவனுக்குப் பிழைப்பும் வேண்டுமே என்று, கல்லூரி வளாகத்திலேயே மண் குடிசைகள் போட்டு, தச்சுவேலையும் பொம்மை செய்யவும் கற்றுக் கொடுத்தார். சுவர் எழுப்பப் பழகி வந்தவர், பிறர் கையை வேலைக்கு ஆக்கிவிட்டுப் போனார். (தச்சன் மகனைக் கும்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.)

அவர் வைத்தியர், அது வேறு. கல்லும் மண்ணும் சுமக்க வருகிறவனைப் பற்றிச் சொல்லுங்கள் என்பீர்கள். அப்படியும் ஒருவர் வந்தார். 1934 ஜனவரியில் பீஹாரில் பூகம்பம். தீண்டாமைப் பாபத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை அது என்று காந்தியார் நம் திருநெல்வேலியிலேயே பேசினார். தாகூர் அதை மறுத்தார். அதே வருஷத்தில் சுவிட்சர்லாந்து இஞ்சினீயர் பியர் செரசோல், இரண்டு மூன்று துணையாட்களோடு பீஹாருக்கு வந்தார். பாபத்தைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை. வெள்ளம் எட்டாத மேட்டு நிலத்தில் புதிய கிராமங்களை ஊராரோடு சேர்ந்து கட்டினார். எழுந்தது குடியிருக்க வீடு.

நம் பக்கத்துக்கு என்ன வேண்டும்? பாலாற்றைப் பாருங்கள். தோல் ஷாப்புக் கழிவால் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமோ பகுதியோ கெட்டதென்று விவசாயக் கலாசாலையின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கணக்குச் சொன்னது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. 2025 ஜனவரியிலும் அதே கோர்ட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுத்து அதை அசுத்தம் செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டுமென்று சொல்ல வேண்டியிருந்தது. 2015 ஜனவரி கடைசி நாளில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் பத்துப்பேர் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தோழர்களே! நம் பக்கத்தில் உறுதியாய் எழும்பியிருக்க வேண்டிய சுவர் அதுதானே!

இன்னொன்று. புதுக்கோவிலில் உட்காரும் சேரிக் கிறிஸ்தவனுக்கு, அதில் உட்கார்ந்ததற்காகவே ஒரு நஷ்டம் இருக்கின்றது. 1950-ஆம் வருஷ ஜனாதிபதி உத்தரவுப்படி தாழ்த்தப்பட்டோர் சலுகை இந்துக்களுக்கு மட்டுமே என்றார்கள். 1956-ல் சீக்கியரையும், 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவனை இன்னும் சேர்க்கவில்லை. மதம் மாறினால் ஜாதி போய்விட்டதாம்! சர்க்காருக்குப் போய்விட்ட ஜாதி, ஊருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் போகவில்லை. வெளிநாட்டு நண்பர்கள் இரண்டு வாரத்தில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. கூட்டி வருகிற உள்ளூர்ப் பெரியவர்கள் சொல்லவும் மாட்டார்கள்.

ஆகவே, தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்யும் தோழர்களுக்கு, அவர்கள் எந்த மதத்தினரானாலும், ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவுக்கு இப்படி ஒரு குழு வந்தால் விரட்டாதீர்கள், மாலையும் போடாதீர்கள். உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். இந்தக் கட்டடம் வேண்டுமென்று கேட்டது யார்? மொத்தச் செலவு எவ்வளவு, அதில் எங்கள் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் எவ்வளவு? பத்திரம் யார் பேரில்? ஞாயிறு தவிர்த்த ஆறு நாளும் பூட்டிக் கிடக்குமா, அல்லது ஷூ கம்பெனிக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடவும், பிள்ளைகள் இரவில் விளக்கு வைத்துப் படிக்கவும் திறந்திருக்குமா? கழிப்பிடம் உண்டா? உங்களில் மின்சாரமோ கணக்கோ வைத்தியமோ தெரிந்தவர் யார், எங்கள் பையன்களுக்கும் பெண்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க எத்தனை மாதம் தங்குவீர்கள்?

பாஷை தெரியாதென்று தயங்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படிக்கும் உங்கள் பெண்ணையே நடுவில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். கிடைத்த பதிலை எழுதி நமது பத்திரிகைக்கு அனுப்புங்கள், பிரசுரிக்கின்றோம்.