வீட்டில் துப்பாக்கி வைத்திருப்போர் கடமை



குடகு நாட்டில் செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் கயில்போது என்றொரு திருநாள் வருகிறது. வயலில் நடவு நடக்கும் காலத்தில் துப்பாக்கி முதலிய ஆயுதங்களை வழிபாட்டு அறையில் வைத்துவிடுவது கொடவர்களின் பழைய வழக்கம். நடவு முடிந்து அந்நாள் வந்ததும் அவற்றை வெளியே எடுத்துத் துடைத்து, செங்காந்தள் மலர் சூட்டி வணங்குவார்கள். ஆயுதச் சட்டப்படி உரிமம் பெறுவதிலிருந்து கொடவர்களுக்கு விலக்கு உண்டு. 2019-ஆம் ஆண்டில் அவ்விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டது. உரிமம் தேவைப்படாத அம்மக்களே ஆயுதத்திற்கு ஓர் இடமும் ஒரு காலமும் வகுத்துக்கொண்டார்கள். உரிமம் பெற்று வைத்திருப்போர் அதற்கு எந்த இடத்தை வகுத்திருக்கிறார்கள்?

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களிடையே தோட்டத்துத் தனி வீட்டில் குடியிருப்போர் உண்டு. படையிலிருந்து ஓய்வு பெற்றோர் உண்டு. இரவில் பணத்துடன் கடையிலிருந்து வீடு திரும்பும் வணிகரும் உண்டு. அவர்களிற் சிலர் தற்காப்புக்காக உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் வடக்கே ஒரு நகரில் அத்தகைய நண்பர் ஒருவரின் இல்லத்திற்கு நாம் சென்றிருந்தோம். அவர் காப்பி கொண்டுவர உள்ளே போனார். ஆறு வயதுப் பாலகன் நம் கையைப் பற்றி, “மாமா, அப்பாவின் துப்பாக்கியைக் காட்டட்டுமா?” என்று படுக்கையறைக்கு அழைத்துச் சென்று, மெத்தையின் ஓரத்தை உயர்த்தினான். கைத்துப்பாக்கி கிடந்தது. உள்ளே தோட்டாவும் இருந்தது. நண்பர் வந்து பார்த்து முகம் வெளுத்துப் போனார். “அவனுக்குத் தெரியாது என்றல்லவா எண்ணியிருந்தேன்!” என்றார்.

அவர் கவலையற்றவர் அல்லர். துப்பாக்கியை மறைத்துத்தான் வைத்திருந்தார். ஆனால் மறைப்பது வேறு, பூட்டுவது வேறு. அயலார் கண்ணுக்கு மறைவு போதும். வீட்டாரின் கைக்குப் பூட்டு வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

முதலில் பூட்டைப் பற்றிச் சொல்லுவோம். துப்பாக்கியை உள்ளே வைக்குமுன் தோட்டாவை நீக்கி, குழலும் அறையும் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்தல் வேண்டும். சுவரிலோ தரையிலோ போல்ட்டு போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டியே அதற்குரிய இடம். தோட்டாக்களை வேறொரு பெட்டியில், வேறொரு பூட்டுக்குள் வைக்க வேண்டும். சாவி உரிமம் பெற்றவரிடமே இருக்கட்டும். சாமி படத்தின் பின்னாலும் அரிசிப் பானையிலும் வைத்த சாவி குழந்தைகளுக்குத் தெரியாமல் இருப்பதில்லை. பாதுகாப்பாக வைப்பதாக உரிம விண்ணப்பத்தோடு உறுதிமொழி எழுதித் தருகிறோமே, அது வெறும் காகிதச் சடங்கன்று.

அடுத்தது மறைவு. நகையும் பட்டுச் சேலையும் உள்ள பீரோவில் துப்பாக்கியை வைக்கலாகாது. திருடன் முதலில் உடைப்பது அதைத்தான். கூடத்துச் சுவரில் மாட்டுவதும், கைப்பேசியில் படமெடுத்துப் பலருக்கு அனுப்புவதும், தெருவில் பெருமை பேசுவதும் திருடனுக்கு நாமே விலாசம் எழுதிக் கொடுப்பதாகும். தோலுறைக்குள் நெடுநாள் வைத்தால் மழைக்கால ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். துடைத்து மெல்லிய எண்ணெய் பூசி வைப்பதே நலம்.

“பூட்டிய துப்பாக்கி ஆபத்து நேரத்தில் எப்படி உதவும்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கைத்துப்பாக்கிக்கென விரலால் எண்களை அழுத்தி நொடிகளில் திறக்கும் சிறு பெட்டிகள் உள்ளன. அதற்கும் மேலாக, திருடனைத் தடுக்கும் முதற்காவல் உறுதியான கதவும், வாசல் விளக்கும், குரல் கொடுத்தால் ஓடிவரும் அண்டை வீட்டாருமே. திருடன் வருவது என்றோ ஒருநாள். குழந்தை வீட்டில் இருப்பதோ ஒவ்வொரு நாளும்.

வெளிமாநிலத்தில் வாழ்வோருக்கு இன்னுமொரு கடமை உண்டு. கோடை விடுமுறைக்கோ பொங்கலுக்கோ சொந்த ஊர் புறப்படும்போது வீடு வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். ஆளில்லாத வீட்டில் துப்பாக்கியை விட்டுச் செல்லாமல், உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். ஊர் மாறிக் குடியேறினால் உரிம அதிகாரிக்கு அறிவியுங்கள். உரிமத்தின் நகலும் துப்பாக்கியின் எண்ணும் தனியிடத்தில் இருக்கட்டும். களவு போனால் உடனே காவல் நிலையத்தில் சொல்ல அவை உதவும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. உரிமம் பெற்றவர் காலமானால், வாரிசுகள் தாமதமின்றி அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். தந்தையின் நினைவுப் பொருளென்று பரணில் வைப்பது குற்றமாகும்.

நம் நண்பர் மறுநாளே இரும்புப் பெட்டி வாங்கினார். அந்தப் பாலகன் இன்று கல்லூரியில் படிக்கிறான். அன்று அவன் நம்மிடம் காட்டாமல், தன் வயதுத் தோழனிடம் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் நம் நெஞ்சு பதறுகிறது.

வீட்டைக் காக்க வாங்கிய துப்பாக்கியிடமிருந்து முதலில் வீட்டாரைக் காப்போம். இன்றிரவே உங்கள் பூட்டை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.