குருதியில் செம்பும் துத்தநாகமும்

செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை. நம் இல்லத்துக் குத்துவிளக்கில் கலந்துள்ள அவ்விரு உலோகங்களும் நம் குருதியிலும் உள்ளன. 100 மில்லிலிட்டர் குருதிநீரில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 மைக்ரோகிராம். அஃதாவது ஒரு கிராமில் பதினாயிரத்தில் ஒரு பங்கே.

நுரையீரலைக் காசநோய் பற்றும்போது இச்சமநிலை குலைகிறது. அழற்சியின் தூண்டுதலால் கல்லீரல், செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்னும் புரதத்தை மிகுதியாக உண்டாக்குகிறது. குருதியில் செம்பு ஏறுகிறது. துத்தநாகத்தையோ கல்லீரல் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது, அது குறைகிறது. மருந்தால் நோய் தணியத் தணிய, இரண்டும் பழைய நிலையை நாடுகின்றன. ஆகவே, நோயின் போக்கை அறிய இவற்றின் விகிதம் துணைபுரியலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர்.

ஆயினும் வேறு தொற்றுகளிலும், கருவுற்ற காலத்திலும் செம்பு உயரும். உடலில் தீ மூண்டதை உலோகம் சொல்லும். மூட்டியது எது என்று சொல்லாது. அதனைச் சொல்வது சளிப் பரிசோதனையே.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர், “ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்வோம்” என்று காலம் தாழ்த்துவதுண்டு. அது தகாது. இருமல் இரண்டு வாரத்தைக் கடந்தால், இருக்கும் ஊரிலேயே அரசு மருத்துவமனையை நாடுங்கள். சோதனையும் மருந்தும் இலவசம். ஊர் மாறினாலும் சிகிச்சையைத் தொடரலாம். இடையில் நிறுத்துவதே பெருந்தீங்கு.