ரப்பர் இல்லாத லெட்ஜர்
(மூத்த குடியிருப்பாளர்கள் சந்திப்பில் பேசியது)



போன வாரம் நம் கிளப் ஹவுசில் ‘ட்வெல்வ் மங்கீஸ்’ படம் போட்டார்கள். முடிந்ததும் லிஃப்ட் வரைக்கும் ஒரே கேள்விதான்: “சார், உங்களுக்கு ஏதாவது புரிஞ்சுதா?” முதல் தடவை எனக்கும் புரியவில்லை. இரண்டாம் தடவை, பேங்கில் கணக்கு எழுதிய அனுபவம் கைகொடுத்தது.

லெட்ஜரில் தப்பான என்ட்ரி விழுந்துவிட்டால் அழிக்கக் கூடாது. ரப்பர், பிளேடு எதுவும் ஆகாது. இன்றைய தேதியில் திருத்தும் என்ட்ரி போடலாம், அவ்வளவுதான். 1995-இல் டெரி கில்லியம் எடுத்த இந்தப் படத்தின் கணக்கும் அதுவே. 1996-இல் கிளம்பிய வைரஸ் 500 கோடிப் பேரைக் கொன்றுவிட்டது. மிஞ்சியவர்கள் பூமிக்கு அடியில் வாழ்கிறார்கள். அங்கிருக்கும் விஞ்ஞானிகள் ஜேம்ஸ் கோல் என்ற கைதியைப் பழைய காலத்துக்கு அனுப்புகிறார்கள். சாவைத் தடுக்க அல்ல. அது முடிந்துபோன என்ட்ரி. உருமாறாத மூல வைரஸ் எங்கே என்று தெரிந்தால், தங்கள் காலத்தில் மருந்து கண்டுபிடிக்கலாம். இதைப் பிடித்துக்கொண்டால், தவறிப்போய் 1990-இல் இறங்குவது, முதல் உலகப்போர்ப் பதுங்குகுழி, ஏர்போர்ட் கனவு எல்லாம் வரிசைக்கு வந்துவிடும்.

இனி நடிப்பு. மனநல மருத்துவமனையில் கோலைச் சந்திக்கும் ஜெஃப்ரியாக பிராட் பிட். கண்ணும் விரலும் ஓரிடத்தில் நிற்காது. ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். ஆனால் என் ஓட்டு கோலாக வந்த புரூஸ் வில்லிஸுக்குத்தான். அடிதடி ஹீரோவான அவர், கார் ரேடியோவில் பழைய பாட்டு வந்ததும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காற்றை இழுத்து, குழந்தை மாதிரி கண் கலங்குகிறார். மனநல மருத்துவராக மேடலின் ஸ்டோ. முதலில் அவர் கோலை நம்பவில்லை. அவர் நம்பும் நேரத்தில், கோலுக்குத் தன் புத்தி மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. இருவரும் இடம் மாறும் அந்தக் கட்டம்தான் படத்தின் உயிர்.

அங்கேதான் என் அம்மா ஞாபகம் வந்தது. கடைசி இரண்டு வருஷம் மறதி நோய். சாயங்காலம் நாலு மணியானால், “அப்பா ஸ்கூல்லேர்ந்து வந்துட்டாராடா? டிபன் ஆறிடுமே” என்பார். “அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆச்சும்மா” என்று நான் திருத்துவேன். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுச் செய்தி. ஒவ்வொரு தடவையும் அழுவார். கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்ற என் பிடிவாதம்தான் காரணம்.

புரூஸ் வில்லிஸுக்கே இன்று டிமென்ஷியா. 2023-இல் அவர் குடும்பத்தினர் அறிவித்தார்கள்.

அம்மாவிடம் நான் பேசியதை இனி அழிக்க முடியாது. இன்றைய தேதியில் ஒரு திருத்தம் மட்டும் போடுகிறேன். உங்கள் வீட்டில் யாராவது வேறொரு வருஷத்திலிருந்து பேசினால் தேதியைத் திருத்தாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். “வந்துடுவார்மா, நீங்க சாப்பிடுங்க” என்று சொல்லுங்கள்.