உப்புக்காத்தும் ஹார்டு டிஸ்கும்: காரைக்கால் வீட்டுக்கு ஒரு சர்வர்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க. "வீட்டுல ஒரு நாஸ் வைக்கணும். போட்டோ, வீடியோ, படம் எல்லாம் ஒரே இடத்துல இருக்கணும். எந்த ப்ராசஸர் வாங்கலாம்?" பதில் சொல்றேன். ஆனா ப்ராசஸரைக் கடைசியாத்தான் பேசப்போறேன். காரணம், நான் இதை காரைக்கால்ல ஒரு வீட்டுக்காக யோசிச்சிருக்கேன். இங்க கேள்வியே வேற வரிசையில வருது.

முதல் கேள்வி, எதைக் காப்பாத்தப் போறோம்? இணையத்துல திரும்ப இறக்கிக்கக்கூடிய படமும் பாட்டும் போனா போகட்டும். ஆனா உலகத்துலயே ஒரே ஒரு பிரதி இருக்கிற விஷயம்னு ஒண்ணு எல்லார் வீட்டுலயும் இருக்கும். எங்க வீட்டுல அது பீரோவுல இருக்கிற 38 விஎச்எஸ் கேசட். கல்யாணம், காதுகுத்து, மாங்கனித் திருவிழா, தாத்தா பேசறது, அவர் திட்டறது. தாத்தா குரல் வேற எங்கயும் கிடையாது. பிரான்ஸ்ல இருக்கிற அத்தை போன்ல ஒவ்வொரு தடவையும் கேக்கறது ஒண்ணுதான். "தம்பி, அப்பா பேசற கேசட் என்னப்பா ஆச்சு?"

காரைக்கால், புதுச்சேரி பக்கம் இப்படி வீடுகள் நிறைய. 1962 ஆகஸ்ட் 16-ல பிரான்ஸோட ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்போ குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கிற வாய்ப்பு இருந்துச்சு. குடும்பத்துல பாதி அங்க, பாதி இங்கன்னு ஆனது அதனாலதான். கேசட்டும் ரெண்டு பக்கமும் பறந்துச்சு. அதுல ஒரு சிக்கல் உண்டு. பிரான்ஸ் டிவி முறை அப்போ செகாம். நம்ம ஊர் முறை பால், குடிக்கிற பால் இல்லங்க. அங்க பதிவு பண்ணின கேசட்டை இங்க போட்டா படம் கறுப்பு வெள்ளையில ஓடும். கேசட்டை கம்ப்யூட்டருக்கு மாத்தறவர்கிட்ட "செகாம் எடுப்பீங்களா?"னு முதல்லயே கேட்டுக்கோங்க. டேப் மேல வெள்ளையா பொடி மாதிரி இருந்தா அது பூஞ்சை. அதை அப்படியே விசிஆர்ல போடாதீங்க. ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் அந்தப் பொடி கொஞ்சம் கூடுது. அதனால இந்த வேலைக்கு கெடு இருக்கு.

எவ்வளவு இடம் வேணும்

இது கணக்கு, ஊகம் இல்ல. கேசட்டை டிவி வடிவத்துல எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜிபி. மூணு மணி நேர கேசட் 39 ஜிபி. 38 கேசட்டும் முழுசா இருந்தா ஏறக்குறைய 1.5 டிபி. எல்லாருடைய போன் போட்டோவும் சேர்த்தா 2 டிபி தாண்டும். அப்போ 4 டிபி டிஸ்க் போதும். பெட்டியில 4 டிபினு போட்டிருந்தாலும் கம்ப்யூட்டர் 3.64-னுதான் காட்டும். கடைக்காரர் ஏமாத்தல. அவங்க ஆயிரத்தால எண்ணறாங்க, கம்ப்யூட்டர் 1024-ஆல எண்ணுது.

டிஸ்க் வாங்கும்போது ஒரே ஒரு விஷயம் பாருங்க: சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா. எஸ்எம்ஆர்ல தடங்கள் ஓடு வேய்ஞ்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சிருக்கும். இடம் மிச்சம், ஆனா திரும்பத் திரும்ப எழுதினா இழுக்கும். ரெய்டுல ஒரு டிஸ்க் போய் புதுசு மாட்டும்போது இந்த இழுவை பெரிய தலைவலி. 2020-ல வெஸ்டர்ன் டிஜிட்டல் தன்னோட ரெட் வரிசையில சில அளவுகளை சொல்லாம எஸ்எம்ஆரா வித்தது வெளிய வந்து பெரிய சத்தமாச்சு. அப்புறம்தான் ரெட் பிளஸ்னு சிஎம்ஆருக்குத் தனிப் பெயர் வந்துச்சு. அதனால பெயரை மட்டும் நம்பாம, மாடல் நம்பரைத் தயாரிப்பாளர் தளத்துல தேடிப் பாத்துட்டு வாங்குங்க.

எங்க வைக்கப்போறோம்

சென்னை அபார்ட்மெண்ட் பத்தாவது மாடியில இருக்கிறவங்களுக்கு இது கேள்வியே இல்ல. இங்க இதுதான் கேள்வி. 2004 டிசம்பர் 26-ல கடல் காரைக்காலுக்குள்ள வந்துச்சு. 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறிச்சு. டெல்டாவுல பல ஊருக்கு நாள்கணக்குல கரண்ட் இல்ல. அதனால சர்வர் தரையில இருக்கக்கூடாது, முடிஞ்சா மாடியில வைங்க. கடல் பக்கம் பாத்த ஜன்னல் ஓரமும் வேண்டாம். உப்புக்காத்து முதல்ல அரிக்கிறது கனெக்டரையும் ஃபேனையும்தான். வருஷத்துக்கு ரெண்டு தடவை திறந்து, தூசியைத் தட்டி, பின் பச்சை பூத்திருக்கான்னு பாருங்க.

ஒரு நல்ல சேதியும் இருக்கு. ஓடிக்கிட்டே இருக்கிற டிஸ்க் சுத்தியிருக்கிற காத்தை விட கொஞ்சம் சூடா இருக்கும், அதனால ஈரம் படியறது குறைவு. பீரோவுக்குள்ள மாசக்கணக்குல தூங்கற டிஸ்குக்குத்தான் ஆபத்து அதிகம். அதை காத்துப் போகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வைங்க. சூட்டைப் பொறுத்தவரைக்கும், சித்திரை வெயில்லயும் டிஸ்க் 45 டிகிரிக்குள்ள இருக்கணும். மூடின டிவி ஸ்டாண்டுக்குள்ள வச்சா இருக்காது.

கரண்ட்

24 மணி நேரமும் ஓடற பொருளுக்கு ஒவ்வொரு வாட்டும் வருஷத்துக்கு 8.76 யூனிட். மூலையில கிடக்கிற பழைய கேமிங் டெஸ்க்டாப் 60 வாட் இழுத்தா வருஷம் 525 யூனிட். 20 வாட் மெஷின்னா 175. யூனிட் அஞ்சு ரூபாய்னு வச்சாலே வருஷத்துக்கு 1,750 ரூபாய் வித்தியாசம். "சும்மா கிடைச்ச கம்ப்யூட்டர்" அஞ்சு வருஷத்துல சும்மா இல்ல.

அதைவிட முக்கியம், கரண்ட் போற விதம். எழுதிக்கிட்டு இருக்கும்போது டக்குனு நின்னா ஃபைல் கெடலாம். வீட்டு இன்வெர்ட்டர் இருந்தா அது கரண்டை மாத்தற அந்தக் கண நேரத்துலயே சில மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். இன்வெர்ட்டர்ல யூபிஎஸ் மோடு இருந்தா அதைப் போடுங்க. அதுக்கு மேல யூஎஸ்பி வயர் இருக்கிற ஒரு சின்ன யூபிஎஸ். அந்த வயர்தான் "பேட்டரி தீரப்போகுது, மூடிக்கோ"னு சர்வர்கிட்ட சொல்லும். நட் மாதிரி இலவச சாஃப்ட்வேர் அதைக் கேட்டு ஒழுங்கா மூடிடும். பட்ஜெட் இடிச்சா ப்ராசஸர்ல குறைங்க, யூபிஎஸ்ல குறைக்காதீங்க.

இப்போ மெஷின்

நாலு வழி இருக்கு. சினாலஜி, க்யூநாப் மாதிரி ரெடிமேட் ரெண்டு டிஸ்க் பெட்டி: விலை அதிகம், தலைவலி குறைவு. வீட்டுல நீங்க இல்லாதப்போ அம்மா அப்பாதான் பாத்துக்கணும்னா இதுதான் சரி. வாங்கறதுக்கு முன்னாடி எந்தெந்த டிஸ்கை ஏத்துக்கும்னு அந்த மாடலோட பட்டியலைப் பாருங்க.

ராஸ்பெர்ரி பை: கரண்ட் ரொம்பக் குறைவு, ஃபைல் சேமிக்க நல்லா இருக்கும். ஆனா பை 5-ல எச்.264 என்கோடர் ஹார்டுவேர்ல இல்ல. வீடியோவை ஓடற நேரத்துலயே சின்னதாக்கி அனுப்பணும்னா மூச்சு வாங்கும்.

மூணாவது, இன்டெல் என்100 மினி பிசி. 6 வாட் வகை ப்ராசஸர், குவிக் சிங்க் இருக்கு, ஜெல்லிஃபின் சர்வர் அருமையா ஓடும். குறை என்னன்னா, பெரிய 3.5 இன்ச் டிஸ்குக்கு உள்ள இடம் இல்ல. யூஎஸ்பியில தொங்கவிடணும்.

நாலாவது, ஆபீஸ்ல கழிச்ச எட்டாம் தலைமுறை இன்டெல் டவர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல கிடைக்கும். குவிக் சிங்க் உண்டு, டிஸ்க் மாட்ட இடமும் உண்டு. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தா கழட்டிடுங்க, கரண்ட் இறங்கும்.

எங்க வீட்டுக்கு நான் நாலாவதைத்தான் எடுத்தேன். அத்தைக்கு கேசட்டோட முழு ஃபைலை அனுப்ப நம்ம அப்லோடு வேகம் பத்தாது. சர்வர்தான் சுருக்கி அனுப்பணும், அதுக்கு குவிக் சிங்க் வேணும். இன்னொண்ணு, நிறைய வீட்டு இணைய இணைப்புல தனி பப்ளிக் ஐபி கிடைக்காது. ரவுட்டர்ல போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வர முடியாது. டெயில்ஸ்கேல் மாதிரி ஒண்ணு போட்டா அந்தச் சுவரைத் தாண்டலாம், போர்ட் எதையும் திறந்து வைக்கவும் வேண்டாம்.

ரெய்டு இருக்கே, போதாதா?

போதாது. ரெண்டு டிஸ்க்ல ஒரே விஷயத்தை எழுதற ரெய்டு, ஒரு டிஸ்க் செத்தா காப்பாத்தும். நீங்க தப்பா அழிச்சா ரெண்டுலயும் அழியும். வைரஸ் வந்தா ரெண்டுலயும் வரும். தண்ணி வந்தா ரெண்டும் ஒண்ணா நனையும். மூணு பிரதி, ரெண்டு வகை சாதனம், ஒண்ணு வெளியூர்ல. இந்த 3-2-1 விதியை போட்டோகிராபர்கள்தான் முதல்ல பரப்பினாங்க.

"வெளியூர்"னா எது? காரைக்கால்காரங்களுக்கு டி.ஆர்.பட்டினமோ நாகூரோ வெளியூர் இல்ல. ஒரே புயல், ஒரே கடல். தஞ்சாவூர், திருச்சி, இல்ல நம்ம விஷயத்துல பிரான்ஸ். டிஸ்க் தயாரிக்கிறவங்களுக்கே இந்தப் பாடம் நடந்திருக்கு. 2011-ல தாய்லாந்து வெள்ளத்துல தொழிற்சாலைகள் மூழ்கி, உலகம் பூராவும் ஹார்டு டிஸ்க் விலை ஏறிச்சு. எல்லாத்தையும் ஒரே தாழ்வான இடத்துல வச்சதுக்கான விலை அது.

அதனால கையில பணம் இவ்வளவுதான்னா, ரெய்டுக்கு வாங்கற ரெண்டாவது டிஸ்கை வெளியூர் பிரதியாக்குங்க. சர்வர்ல ஒண்ணு, திருச்சி சித்தி வீட்டுல ஒண்ணு, ரெண்டையும் என்கிரிப்ட் பண்ணி. கேசட்டை எடுத்து முடிச்சாலும் தூக்கிப் போடாதீங்க, அதுதான் மூணாவது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுசை ஏத்திட்டு வாங்க. சாவியை, அதாவது பாஸ்வேர்டை, காகிதத்துல எழுதி வீட்டுப் பத்திரத்தோட வைங்க. உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச பாஸ்வேர்டு இருக்கிற சர்வர், குடும்பத்துக்குப் பூட்டின பெட்டிதான்.

இந்த வாரம் எதுவும் வாங்க வேண்டாம். ஒரு நோட்டு எடுத்து, உங்க வீட்டுல ஒரே பிரதியா இருக்கிறது என்னென்னன்னு எழுதுங்க. எத்தனை மணி நேரம், எத்தனை ஜிபி, யார் பாக்கணும், எங்கிருந்து பாக்கணும். அந்தப் பக்கம் நிரம்பினா எந்த மெஷின்னு பாதி பதில் வந்திடும். வாங்கி மாட்டினதுக்கு அப்புறம் வெளியூர் டிஸ்கை எடுத்து ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து பாருங்க. ஓடினா மட்டும்தான் அது பேக்கப்.

பட்டியலை எனக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல மூணு வீட்டுக் கணக்கை எடுத்துப் போட்டுப் பாப்போம்.